டோரீன் வீட்டுக் கூரையில் தொங்கிய சேஸிஸ்

என் தங்கச்சி சுமதி பன்னிரண்டு வருஷமாக டொரொண்டோவுக்கு வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் போகவில்லை. பட்டறையை யார் பார்ப்பது, அந்தக் குளிர் யாருக்கு ஆகும் என்று ஆயிரம் சாக்கு. கடைசியில் என்னைக் கிளப்பியது தங்கச்சிப் பாசம் இல்லை, அவள் வீட்டுக்காரர் குகன் போனில் அனுப்பிய ஒரு மங்கலான போட்டோ. வாய் சும்மா இருக்காமல் இதை அவளிடமே சொல்லித் தொலைத்தேன். ஒரு நாள் முழுக்க என் தட்டில் தோசையை எட்ட நின்று போட்டாள்.

கோயமுத்தூர் கணபதியில் ரேஸ் கார்களுக்கு சேஸிஸ் செய்கிற பட்டறை என்னுடையது. சேஸிஸ் என்றால் காரின் எலும்புக்கூடு. குழாய்களை வளைத்து, வெட்டி, பற்றவைத்து உண்டாக்குவது. குகன் யாழ்ப்பாணத்துக்காரர். சின்ன வயதில் ஊரை விட்டு வந்து நாலு வருஷம் என் பட்டறையில்தான் வெல்டிங் பழகினார். பழகின கையோடு என் தங்கச்சியையும் கட்டிக்கொண்டு கனடா போய்விட்டார். இப்போது அஜின்கோர்ட் பக்கம் சொந்தமாக கார் பாடி ஷாப் வைத்திருக்கிறார்.

போட்டோவில் இருந்தது ஒரு ஸ்பிரிண்ட் கார் சேஸிஸ். களிமண் தடத்தில் வட்டம் வட்டமாகப் பறக்கிற ஒற்றை சீட் ரேஸ் கார் அது. நம்ம ஊரில் கிடையாது. முப்பது வருஷம் இந்தத் தொழிலில் இருந்தும் நான் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசை, அவ்வளவுதான்.

இறங்கின அன்று காலையில் ஊரே பனிப்புகைக்குள் இருந்தது. உயரக் கட்டடங்களுக்குக் கால் இல்லை, தலை மட்டும் மிதந்தது. மரங்களில் மிச்சமிருந்த மஞ்சள் இலைகள் காற்றே இல்லாமல் தானாக விழுந்தன. என் உடம்பு கனடாவுக்கு வந்துவிட்டது, தூக்கம் கோயமுத்தூரிலேயே நின்றுவிட்டது. அடுத்த ஒரு வாரம் நான் பார்த்ததெல்லாம் பாதி கண்ணால் பார்த்ததுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"வாங்கோ மச்சான், நல்லாக் களைச்சுப் போனியள்" என்று குகன் பெட்டியை வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வேண்டாம், நேராக ஷாப்புக்கு விடுங்கள் என்றேன். போகிற வழியில் ஒரு காப்பியை வாங்கிக் கையில் திணித்துவிட்டு, சேஸிஸ் வந்த கதையைச் சொன்னார்.

டோரீன் என்று ஒரு வயதான அம்மா. ரெக்ஸ்டேலில் வீடு. குகன் அந்தப் பக்கம் வேலை பார்த்த காலத்திலிருந்து அவர் கார் குகன் கையைத் தவிர வேறு கைக்குப் போனதில்லை. கணவர் வால்ட்டர் இளவயதில் ஸ்பிரிண்ட் கார் ஓட்டியவர். ஒரு தடவை கார் உருண்டு மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அப்போது டோரீன் பிள்ளைத்தாய்ச்சி. நானா அந்தக் காரா, முடிவு பண்ணு என்று சொல்லிவிட்டார். வால்ட்டர் அந்தப் பனிக்காலமே காரை ரம்பத்தால் இரண்டாக வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார். ரம்பச் சத்தம் டோரீனுக்குச் சமையலறை வரைக்கும் கேட்டதாம். அதற்குப் பிறகு ஐம்பது வருஷம் இருவரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

போன வருஷம் வால்ட்டர் போய்ச் சேர்ந்தார். வீட்டைக் காலி பண்ணும்போது கராஜின் பொய்க்கூரைப் பலகையைக் கழற்றினால், உள்ளே கயிற்றில் கட்டித் தொங்குகிறது ஒரு சேஸிஸ்.

"அவா கேக்கிறது ஒண்டுதான் மச்சான்" என்றார் குகன். "இது அந்தக் காரோ, இல்லையோ. அந்தக் காரெண்டால் அந்த மனிசன் அம்பது வருசமா தனக்குப் பொய் சொன்னதெண்டு அவாவுக்கு விளங்கிடும். வேற காரெண்டால் நிம்மதி. ஆனா வேற காரெண்டால் அதுக்கு ஒரு விலையும் இல்லை, இரும்பு விலைதான். அந்தக் காரெண்டால் வாங்கிறதுக்கு ஒரு ஆள் நிக்கிறார்."

உண்மைக்கு விலை இருக்கிறது, ஆனால் அந்த உண்மை அந்த அம்மாவைச் சுடும். இதில் தீர்ப்புச் சொல்ல என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். காப்பியை இரண்டு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினேன்.

ஷாப்பின் கதவைத் தூக்கினதும் தூக்கம் போய்விட்டது. சேஸிஸ் வெள்ளி நிறத்தில் கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு நின்றது. குகன் பெருமையோடு ஒதுங்கி நின்றார்.

"ஏனுங்க மாப்ள, இதென்ன வேலை?" என்றேன்.

"கறளோட எப்பிடி மச்சான் உங்களுக்குக் காட்டுறது? உரஞ்சி, எல்லாம் அடைச்சு, ரெண்டு கோட் பெயின்ற் அடிச்சனான்."

கறள் என்றால் நம்ம துரு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பழைய சேஸிஸுக்குத் துருவும் பெயின்டும்தான் ஜாதகம். எந்த நிறத்தின் மேல் எந்த நிறம், எங்கே கல் பட்டது, எங்கே எண்ணெய் வடிந்தது, எல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். இந்த ஆள் மொத்தத்தையும் உரசி எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார். நிறுத்தாமல் கத்தினேன். பக்கத்து ஷாப் சீனாக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

 நான் கத்தி முடித்ததும் குகன் மெதுவாகச் சொன்னார். "நீங்கள்தானே மச்சான் சொல்லித் தந்தனீங்கள். ஆரின்ரை சாமானெண்டாலும் வந்ததை விடத் துப்புரவாத்தான் திருப்பிக் குடுக்கோணுமெண்டு."

ஆமாம், நான்தான் சொன்னேன். என் பட்டறையில் இன்றைக்கும் அதுதான் சட்டம். 

சுமதி வீடு மல்வேர்னில். பிட்டும் சொதியும் வைத்திருந்தாள். சொதி என்றால் தேங்காய்ப்பால் ரசம் மாதிரி ஒன்று, குடித்த மறு நிமிஷம் ஆளைத் தாலாட்டிவிடும். "அண்ணா, அவரைத் திட்டினியாமே" என்று கோயமுத்தூர் பேச்சில் ஆரம்பித்தவள், கோபம் ஏற ஏற "உமக்கு உந்தக் குணம் போகாது, ஓம்" என்று முழு யாழ்ப்பாணத்துக்காரி ஆகிவிட்டாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்துவிட்டாள்.

மறுநாள் குகன் சீக்கிரம் கிளம்பிவிட்டதால் நான் தனியாக பஸ் ஏறினேன். ஜன்னலோரம் வெயில், உள்ளே ஹீட்டர், யாரும் யாரோடும் பேசாத பஸ். நம்ம டவுன் பஸ்ஸில் பாட்டும் கண்டக்டர் விசிலும் ஆளைத் தூங்க விடாது. இங்கே கண் செருகிவிட்டது. கனவில் அந்த சேஸிஸ் கயிற்றில் தொங்கி மெல்ல ஆடியது, அதற்குக் கீழே ஒரு ஆள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் தெரியவில்லை.

யாரோ தோளைத் தொட்டார்கள். "நானா, இது கடைசி ஸ்டொப். எங்க போகோணும்?" வேலைக்களைப்பு முகத்தில் தெரிய, கனத்த பூட்ஸ் போட்ட ஒருத்தர். இலங்கையில் புத்தளம் பக்கமாம், அங்கே நானா என்றால் அண்ணன். ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் நான் பஸ் ஏறின அதே மல்வேர்ன். பஸ் போய்த் திரும்பி வந்திருக்கிறது, நான் தூங்கிக்கொண்டே ஊர்வலம் போய் வந்திருக்கிறேன். அவர் பையிலிருந்து ஒரு மட்டன் ரோல்ஸை எடுத்துக் கொடுத்து, சரியான பஸ்ஸில் ஏற்றிவிட்டுப் போனார். பேரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அந்த அரைத் தூக்கத்தோடுதான் சேஸிஸை ஆராய்ந்தேன். சீட்டுக்குப் பின்னால் முன்னும் பின்னும் நெடுக ஓடுகிற நாலு பெரிய குழாய்கள், மேலே இரண்டு, கீழே இரண்டு. பெயின்டுக்கு அடியில் மூன்று குழாய்களில் ஒட்டுத் தெரிந்தது. உள்ளே சின்னக் குழாயைச் சொருகி, வெளியே சுற்றிப் பற்றவைத்த ஒட்டு. அழகான வேலை. நாலாவது குழாய், இடது பக்கம் கீழே இருந்தது, வழவழவென்று முழுசாக இருந்தது.

இரண்டாக வெட்டின கார் என்றால் நாலு குழாயிலும் ஒட்டு இருக்க வேண்டும். மூன்றில் மட்டும் என்றால் எங்கேயோ மோதி அடிபட்டு ரிப்பேர் பார்த்த கார். ஆகவே இது வேறு கார். அப்படித்தான் கணக்குப் போட்டேன். நாலாவது குழாயைச் சுத்தியலால் தட்டிக் கேட்டிருக்க வேண்டும். என் பட்டறைப் பையன் அப்படித் தட்டாமல் விட்டிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். ஆனால் எனக்குத் தூக்கம் வந்தது.

மூன்றாம் நாள் ரெக்ஸ்டேலுக்குப் போனோம். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி. ஹைவேயில் ஆயிரம் கார் ஓடியும் ஒரு ஹாரன் சத்தம் இல்லை, எல்லாரும் தூக்கத்தில் ஓட்டுகிற மாதிரி இருந்தது. டோரீன் வீட்டில் பாதி சாமான் அட்டைப் பெட்டிகளில். மனுஷி சின்ன உருவம், என் நெஞ்சுக்கு இருப்பார், நீலக் கம்பளிச் சட்டை. அவர் பேசினதைக் குகன் எனக்குத் தமிழில் சொன்னார், நான் சொன்னதை இங்கிலீஷில் அவரிடம் சொன்னார்.

"இது அந்தக் கார் இல்லை. உங்க வீட்டுக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டார்" என்றேன்.

நல்லது என்றார் டோரீன். எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்தார். கோப்பையில் வெறும் வெந்நீர், டீத்தூளை மறந்துவிட்டார். அவரும் அதையேதான் குடித்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தபடி பேசினார், குகன் தணிந்த குரலில் எனக்குச் சொன்னார்.

"அவா சொல்லுறா, அவர் பொய் சொல்லியிருக்கோணுமெண்டு தான் கொஞ்சம் வேண்டிக்கொண்டவாவாம். அந்த மனிசன் உயிரா நினைச்ச சாமானைத் தன்ரை ஒரு சொல்லுக்காக உண்மையிலயே அழிச்சதெண்டால், அதை எப்பிடித் தாங்கிறதெண்டு கேக்கிறா. அப்ப தனக்கு இருவத்திநாலு வயசாம். பயத்தில சொன்னதாம்."

 பொய் என்றாலும் வலி, உண்மை என்றாலும் வலி. வெந்நீரைக் குடித்து முடித்துவிட்டு வந்தோம்.  திரும்பும்போது எனக்கு மனசுக்குள் ஏதோ உறுத்தியது, அது அந்த அம்மாவுக்காகவா என் வேலைக்காகவா என்று பிரிக்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை அந்தக் காரை வாங்க நின்ற ஆளைப் பார்க்கப் போனோம், வேறு கார் என்று நேரில் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று. பெயர் கார்ல். எண்பது வயசு, காதில் கருவி, சிவப்புத் தொப்பி. பழைய ரேஸ்காரர்கள் சனிக்கிழமை தோறும் ஒரு டோனட் கடை மூலையில் கூடுவார்களாம். ஐந்தாறு பேர், எல்லாருக்கும் எங்கேயாவது ஒரு எலும்பு கோணல். பக்கத்து மேஜையில் ஒருத்தர் "அந்த வளைவில் நான் உன்னைத் தாண்டினேன்" என்றார். மற்றவர் "நீ தாண்டவில்லை, நான் விட்டுக்கொடுத்தேன்" என்றார். ஐம்பது வருஷமாக இதே சண்டையாம். நம்ம சிங்காநல்லூர் பேக்கரியிலும் இதே ஆட்கள் உண்டு, கையில் டோனட்டுக்குப் பதில் தேங்காய் பன்.

விஷயத்தைச் சொன்னதும் கார்ல் முகம் விழுந்துவிட்டது. பிறகு அவராகவே பழைய கதையை எடுத்தார். வால்ட்டர் காரை வெட்டின அன்று தானும் கூட இருந்ததாக அவர் சொன்னதைக் குகன் எனக்குத் தமிழில் சொன்னார். "சுண்ணாம்புக் கயிற்றால் ஒரே நேர்கோடு போட்டான். நாலு குழாயையும் அதே கோட்டில் கைரம்பத்தால் அறுத்தான். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். அழுதான். அழுததை யாரிடமும் சொல்லாதே என்றான்."

ஒரே நேர்கோடு. என் கையிலிருந்த டோனட்டை அப்படியே வைத்தேன். நான் பார்த்த மூன்று ஒட்டும் ஒரே நேர்கோட்டில்தான் இருந்தன. மோதி உடைகிற குழாய் அப்படி வரிசையில் நின்று உடையாது. முதல் நாளே தெரிந்திருக்க வேண்டியது. முப்பது வருஷ அனுபவம் என்று பீற்றிக்கொள்கிறவன் நான்.

"மாப்ள, ஷாப்புக்கு வண்டிய விடுங்க" என்றேன்.

நாலாவது குழாயைச் சுத்தியலால் தட்டினேன். டிங், டிங், டிங் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் தொப்பென்று செத்துவிட்டது. குகனைத் திரும்பிப் பார்த்தேன். 

"அதில ஒரு வெடிப்பு இருந்தது மச்சான். பில்லர் வைச்சு அடைச்சுப்போட்டன்."

பில்லர் என்றால் நம்ம பட்டி, காரில் ஒடுக்கு விழுந்தால் பூசி மெழுகுவார்களே அது. "எல்லாம் அடைச்சு" என்று அவர் அன்றைக்கே சொல்லியிருக்கிறார். கத்துகிற மும்முரத்தில் என் காதில் விழவில்லை. கத்தியால் பட்டியைச் சுரண்டி எடுத்தேன். அரை மணி நேரம் ஆனது. உள்ளே ஒரு வெட்டு. ரம்பத்தின் கனம்தான் இடைவெளி. மற்ற மூன்றோடு அதே கோட்டில்.

வால்ட்டர் இதை மட்டும் பற்றவைக்காமல் விட்டிருக்கிறார். நேரம் கிடைக்காமல் விட்டதாக்கும் என்று முதலில் நினைத்தேன். டார்ச் அடித்துப் பூதக்கண்ணாடியால் வெட்டு முகத்தைப் பார்த்தேன். குகனின் உப்புத்தாள் அதற்குள் போயிருக்கவில்லை. வெட்டின இரண்டு முகங்களிலும் பெயின்ட். ஓரத்தில் லேசாகச் சுரண்டினால் கறுப்பு, அதற்கடியில் சிவப்பு, அதற்கடியில் சாம்பல், இன்னும் அடியில் பச்சை. எத்தனை பூச்சு என்று என்னால் எண்ண முடியவில்லை. பற்றவைக்கப் போகிற முகத்தில் எந்த வெல்டரும் பெயின்ட் பூச மாட்டான். பூசினால் ஒட்டாது. இந்த மனுஷன் வெட்டு துருப்பிடித்து அரிக்காமல் இருக்க, அது வெட்டாகவே இருக்க, வருஷக்கணக்காகக் காப்பாற்றி வந்திருக்கிறார்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெளியே அந்த வருஷத்தின் முதல் பனி விழ ஆரம்பித்தது. நான் நேரில் பார்க்கிற முதல் பனி. எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. குகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பிழை என்ரைதான் மச்சான்" என்றார். "இல்லைங்க மாப்ள, தட்டிப் பாக்காம தீர்ப்புச் சொன்னது நானுங்க" என்றேன். 

திங்கட்கிழமை டோரீனைக் குகன் போய்க் கூட்டிவந்தார். கார்ல் தானே வந்தார். முதலில் என் தப்பை ஒத்துக்கொண்டேன். அன்றைக்குச் சொன்னது தவறு, இது அதே கார்தான் என்றேன். குகன் சொல்லி முடித்ததும் டோரீனின் உதடு இறுகிவிட்டது.

கையைப் பிடித்துக் குனிய வைத்து அந்த நாலாவது குழாயைக் காட்டினேன். மூன்றை ஒட்டினவர் இதை ஏன் ஒட்டவில்லை என்று சொன்னேன். உள்ளே இருக்கிற பெயின்ட்டைச் சொன்னேன். அவர் கம்பளிக் கையுறையைக் கழற்றி, இடைவெளிக்குள் நகத்தை விட்டுப் பார்த்தார்.

"இப்படியே இதை ஓட்ட முடியுமா?"

"முடியாதுங்க. முதல் வளைவிலயே பிளந்துரும்."

"அது அவருக்குத் தெரியுமா?"

"என்னை விட நல்லாத் தெரியும்."

"அப்படியென்றால் இது இன்னும் வெட்டின கார்தான்?"

"ஆமாங்க. வெட்டின கார்தான்."

டோரீன் சிரித்தார். சின்னப் பெண் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு குழாயைப் பிடித்துக்கொண்டு அழுதார். நடுவில் ஏதோ சொன்னார். குகன் "கள்ளப் பயல் எண்டு சொல்லுறா" என்றார்.

 அழுகை கொஞ்சம் அடங்கினதும் கார்ல் விஷயத்துக்கு வந்தார். தப்பாக இல்லை, அவருக்கு அந்தக் கார் மேல் அவ்வளவு ஆசை. அதையும் பற்றவைத்து முழுசாக்கிவிட்டால் நான் சொன்ன முழு விலையும் தருகிறேன், கண்காட்சி ஓட்டத்துக்கு ஒரு தடவை தடத்தில் இறக்கிப் பார்க்கலாம் என்றார். பத்து நிமிஷ வேலை. குகனின் கை ஏற்கெனவே வெல்டிங் மெஷின் பக்கம் போய்விட்டது. என் கையும் துறுதுறுத்தது, பொய் சொல்லவில்லை. விட்டுப்போன ஒட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க எனக்கு வராது.

டோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எனக்கே நேரடியாகப் புரிந்த இங்கிலீஷ்.

"அதை யாராவது ஒட்டினால் என் கணவர் பொய்யராகிவிடுவார்."

குகன் கையை எடுத்துக்கொண்டார். கார்ல் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார். ஒட்டாவிட்டால் பாதி விலைகூட வராதே என்று முனகினார். வராவிட்டால் போகிறது என்றார் டோரீன். பிறகு குகனைக் கூப்பிட்டு ஒரு சின்ன பிரஷும் பெயின்டும் கேட்டார். பச்சை இல்லை, கறுப்புத்தான் இருந்தது. நான் சுரண்டிக் காயப்படுத்தின இடத்தைத் துணியால் துடைத்துக் கொடுத்தேன். அவர் மண்டியிட்டு, அந்த இரண்டு வெட்டு முகங்களிலும் நூல் மாதிரி பெயின்ட்டை இழுத்துவிட்டார். தரையில் பாதி சொட்டியது. யாரும் உதவப் போகவில்லை.

பூசி முடித்து பிரஷைக் கீழே வைத்துவிட்டு, எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"அடுத்த வருஷம் இதை யார் பூசுவார்கள்?"

எனக்கு ஊருக்குத் திரும்ப இரண்டு நாள்தான் இருந்தது. குகன் என்னைப் பார்த்தார். கார்ல் சேஸிஸைப் பார்த்தார், அதன் வளைவை ஒரு தடவை தடவினார், காதுக் கருவியைச் சரிபண்ணிக்கொண்டார்.

"நான்" என்றார்.